நம்ம மாயவரம் – தரங்கம்பாடி ரோடு: தண்ணீரோடு போகும் ஒரு சாலையின் கதை



போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். 1994-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர், இப்போது வெளிநாட்டில் வேலை. அப்பாவுக்குச் சதாபிஷேகம் செய்ய ஊருக்கு வந்த இடத்தில், டீச்சரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், புது நாலு வழிச் சாலை நேரா கோடு போட்ட மாதிரி போவுது. நம்ம மாயவரம் ரோடு மட்டும் ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போவுது? யாரு போட்ட ரோடு அது?"

முப்பது வருஷம் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அக்பர் போட்ட சாலை, ஷெர்ஷா போட்ட சாலை என்றெல்லாம் பரீட்சைக்குக் கேள்வி கேட்டிருக்கிறேன். நம் வாசலில் போகிற சாலையைப் பற்றி ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடம் உண்டு.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறையில் தொடங்கி மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரையில் முடிகிறது. மொத்தம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆக்கூர் முக்கூட்டு வரை மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை. அங்கே வடக்கே சீர்காழியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையோடு கலந்துவிடும். 45ஏ என்று நாம் சொல்லிப் பழகிய அந்தச் சாலைக்கு இப்போது எண் 32. ஆக, நம் ஊர்க் கடைத்தெருவில் ஓடுவது இரண்டு சாலை. மேற்கிலிருந்து கடலுக்குப் போவது ஒன்று, வடக்கிலிருந்து தெற்கே போவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் சொல்ல வந்த விஷயமே.

காவிரிப் படுகை ஒரு சாய்ந்த முறம் மாதிரி. மேற்கே உயரம், கிழக்கே தாழ்வு. சாய்வு மிக மிகக் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். காவிரியும் அதிலிருந்து பிரிந்த வீரசோழன், மஞ்சளாறு, மகிமலையாறு எல்லாமும் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. அவற்றிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால்களும், வயலில் மிஞ்சிய தண்ணீரை வாங்கிக்கொண்டு போகும் வடிகால்களும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட பூமியில் மனுஷன் எங்கே நடப்பான்? சேற்றில் நடக்க முடியாது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும், இரண்டு வாய்க்காலுக்கு நடுவே மேடாக இருக்கும் மண்ணிலும் நடப்பான். அந்த மேட்டில்தான் ஊர் இருக்கும், கோயில் இருக்கும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போன ஒற்றையடிப் பாதை வண்டிப்பாட்டை ஆனது. பாட்டை கப்பி ரோடு ஆனது. கப்பி ரோடு தார் ரோடு ஆனது. அதனால்தான் அது வளைகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் சாலையும் போகிறது. இந்த ரோட்டை யார் போட்டது என்று கேட்டால், முதல் கோடு போட்டது காவிரி என்றுதான் சொல்லுவேன்.

இதற்குச் சாட்சி வழியில் இருக்கும் கோயில்கள். மயிலாடுதுறையில் மாயூரநாதர். செம்பனார்கோயிலில் சொர்ணபுரீஸ்வரர். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் பரசலூர், தேவாரத்தில் திருப்பறியலூர். தட்சனின் யாகத்தை அழித்த தலம். அடுத்து ஆக்கூரில் தான்தோன்றீஸ்வரர். யானை ஏற முடியாதபடி கட்டுமலை மேல் கோச்செங்கட்சோழன் எழுப்பிய மாடக்கோயில்களில் அது ஒன்று என்பார்கள். சிறப்புலி நாயனார் பிறந்த ஊரும் அதுவே. அடுத்தது நம் திருக்கடவூர், எமனை உதைத்த தலம். அட்டவீரட்டானம் எட்டில் இரண்டு இந்த ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன. தேவாரம் பாடியவர்கள் இந்தத் தலங்களுக்கெல்லாம் வந்திருக்கிறார்கள் என்றால், ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த ஊர்களுக்கு இடையே கால் நடந்த வழி இருந்திருக்க வேண்டும். நாம் இன்று பஸ்ஸில் போகும் அதே அடி மண்ணா என்று கேட்காதீர்கள். ஊர்கள் அதே வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான் சொல்லலாம். அதுவே போதும்.

செம்பனார்கோயிலைத் தாண்டும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வர உலகில் செம்பனார்கோயில் ராமசாமிப் பிள்ளை பெரிய பெயர். ரக்தி மேளம் என்றாலே அந்தப் பரம்பரைதான். பின்னால் செம்பனார்கோயில் சகோதரர்கள் வரை அந்த வாசிப்பு வந்தது. நம் பக்கத்துக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மேளக்காரர்கள் வந்து போன வழி இதுதான்.

இப்போது கடல் பக்கம் வருவோம். தரங்கம்பாடிக்குப் பழைய பெயர் சடங்கன்பாடி. அங்கே கடல் அரித்துக்கொண்டிருந்த மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் அந்தக் கல்வெட்டில் வருகிறது. பட்டினம் என்றால் துறைமுகம். துறைமுகம் இருந்தால் உள்நாட்டிலிருந்து சரக்கு வர வழி இருந்தாக வேண்டும்.

1620-ல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். டேனிஷ் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் சுற்றுலா போய் ஐஸ்கிரீம் சாப்பிடும் அந்த டேன்ஸ்போர்க் கோட்டை அப்போது கட்டியது.

வகுப்பில் நான் இதை நடத்தியபோது ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். டேனிஷ்காரர்களிடம் கோட்டை மட்டும் இல்லை. பொறையார், தில்லையாடி முதலான சுற்றுக் கிராமங்களும் நாளடைவில் அவர்கள் வசம் இருந்தன. திருக்கடையூர் தஞ்சை அரசுக்கு உட்பட்டது. அதாவது நம் ஊருக்கும் தில்லையாடிக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியது! நாம் சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் மிதித்துத் தாண்டும் வயல்வெளி அது.

இதை யோசித்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார். மணலில் விரல் வைத்து எழுதும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார் என்பார்கள். அச்சுக்கூடம் நிறுவி 1715 வாக்கில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1712 முதல் 1728 வரை தஞ்சையில் முதலாம் சரபோஜி ஆண்டார். தை அமாவாசைக்குக் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலாடப் போன அந்த மன்னர் வழியில் திருக்கடையூர் வந்தார், அப்போதுதான் திதி கேட்ட கதையும் அபிராமி பட்டர் அந்தாதி பாடியதும் நடந்தது என்பது நம் ஊர் வழக்கு. ஒரே சாலையில் எட்டு கிலோமீட்டர் இடைவெளியில், இந்த முனையில் பட்டர் அந்தாதி பாடுகிறார், அந்த முனையில் சீகன்பால்கு தமிழ் எழுத்து கோக்கிறார். நடுவே எல்லை. ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருப்பாரா? தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் காய்கறி விற்கப் போன கிழவிக்கு இரண்டும் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். 225 வருஷத்துக்குப் பிறகு எல்லை அழிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. 1845 முதல் 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத்துக்கே தலைமையிடம் தரங்கம்பாடி! கலெக்டர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். மனு கொடுக்கவும், வழக்குக்கும், வரிக்கும் மாவட்டத்தின் ஜனங்கள் கிழக்கே பார்த்து வந்தார்கள். 1860-ல் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த வருஷமே, 1861-ல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகும்? ரயில் இருக்கிற துறைமுகத்துக்குத்தான். தரங்கம்பாடியில் கப்பல் குறைந்தது. கடலிலிருந்து நாட்டுக்குள் போன சாலை, அதன் பிறகு கோர்ட்டுக்கும் சந்தைக்கும் மாயவரம் போகும் சாலையாக மாறியது.

கோர்ட் என்றதும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் முன்சீப்பாக இருந்து, பிறகு மாயவரத்துக்கு வந்தவர். 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம்தான் தமிழின் முதல் நாவல் என்று நீங்கள் ஒரு மதிப்பெண் கேள்வியில் எழுதினீர்களே, அவர்தான். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தன் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தவர். நம் சாலையின் இரண்டு முனையிலும் நீதிபதியாக உட்கார்ந்தவர்.

அடுத்து 1915. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்த பெண் வள்ளியம்மை. அவள் குடும்பத்தின் ஊர் தில்லையாடி. நாடு திரும்பிய காந்தி மறு வருஷமே, 1915 ஏப்ரல் 30-ல், தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். மறுநாள் மாயவரத்தில் வரவேற்பு. அப்போது இந்தப் பக்கம் ரயில் கிடையாது. மண் சாலையில் சித்திரை வெயிலில்தான் வந்திருக்கிறார். மகாத்மா என்று உலகம் கொண்டாடுவதற்கு முன்பே, ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் ஊரைத் தேடி வந்தார். தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபத்துக்கு உங்களை நான் அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? புளியோதரைப் பொட்டலம் மட்டும் நினைவிருக்கும், தெரியும்!

இப்போது என் சொந்தக் கதையோடு சேர்ந்த பகுதி. ரயில்.

1926-ல் மாயவரம் ஜங்ஷனிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி. சாலைக்குத் துணையாக, சாலை போன போக்கிலேயே போனது. 1978-ல் நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததே அந்த ரயிலில்தான். பித்தளைக் குடம், பாய், தலையணை, சீர்வரிசைத் தட்டு என்று ஒரு பெட்டி நிறைய எங்கள் சாமான். வண்டி அவ்வளவு மெதுவாகப் போகும். ஜன்னலில் கை நீட்டினால் நாற்று தொடலாம் போலிருக்கும். "இந்த வண்டியில உக்காந்து போறதுக்கு நடந்தே போயிடலாம்" என்று என் மாமியார் சொல்லுவார். ஆனாலும் அந்த ரயிலில்தான் போவார். ஏனென்றால் டிக்கெட் மலிவு, மூட்டைக்குக் காசு கேட்க மாட்டார்கள், தயிர்ப்பானை ததும்பாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதிப் பிள்ளைகள் ரயிலில்தான் வருவார்கள். வண்டி தாமதம் என்றால் முதல் பீரியட் கணக்கு கிடையாது. மன்னம்பந்தலில் 1955-ல் ஏ.வி.சி. கல்லூரி வந்த பிறகு, எத்தனையோ குடும்பத்தில் முதல் பட்டதாரி அந்த ரயிலில் போய்ப் படித்தவர்தான்.

பிறகு பஸ் பெருகியது. சாலைக்குத் தார் போட்டார்கள். பஸ் வீட்டு வாசலில் நின்றது, ரயில் ஸ்டேஷனில் நின்றது. கூட்டம் பஸ்ஸுக்குப் போனது. நஷ்டம் என்றார்கள். 1986-ல் வண்டி நின்றது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1926-லிருந்து 1986. சரியாக அறுபது வருஷம். ஊர் உலகத்துக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கும் திருக்கடையூரில், அறுபது முடிந்த ரயிலுக்கு மட்டும் இன்னொரு தாலி கட்ட ஆள் இல்லாமல் போயிற்று. இந்தப் பாதையை மறுபடி போட வேண்டும் என்ற கோரிக்கை இந்த வட்டாரத்தில் இன்றும் ஓயவில்லை. நானும் இரண்டு முறை மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

ரயில் போன பிறகு சாலை தனியாக எல்லாப் பாரத்தையும் சுமந்தது. எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று நாடு முழுவதிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கின. அமிர்தகடேஸ்வரர் சந்நிதித் தெருவில் மாலைக்கடையும் லாட்ஜும் வந்தன. ஊரின் பாதி அடுப்பு அந்தக் கார்களால் எரிகிறது. சாலை வெறும் மண்ணும் கல்லும் இல்லை, சம்பளமும் கூட.

அரசாங்கத்தின் திசையும் மாறிக்கொண்டே இருந்தது. 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. கலெக்டரைப் பார்க்க நாம் தெற்கே, காரைக்காலைத் தாண்டி, அதாவது புதுச்சேரி மாநிலத்துக்குள் நுழைந்து வெளியேறிப் போனோம். மறுபடியும் ஒரு எல்லை! 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கலெக்டர் ஆபீஸ் இப்போது மன்னம்பந்தல் பக்கம், இதே சாலை வழியில். தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாலு திசைக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்த வட்டாரம் நம்முடையது.

2004 டிசம்பர் 26-ஐ நான் விவரிக்கப் போவதில்லை. உங்களில் சிலர் அன்று யாரை இழந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று காலை ஜனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்தச் சாலையில் மேற்கே ஓடி வந்தார்கள். ஈரத் துணியோடு, ஒரு கையில் பிள்ளையோடு. மேடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாலை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் கால் போயிற்று.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். புது ரோடு நேராகப் போகிறதே?

ஆம், நேராகத்தான் போகிறது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்கு வழிச் சாலை. அதில் நம் பக்கம் வருவது சட்டநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள சுமார் 55 கிலோமீட்டர். அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரிலிருந்து சென்னைக்கு ஆம்புலன்ஸில் போன குடும்பத்துக்குத் தெரியும் நல்ல சாலையின் அருமை. ஊர் நடுவில் லாரி குறைந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயமில்லாமல் தெருவைக் கடக்கலாம்.

ஆனால் அது போகும் திசையைப் பாருங்கள். வடக்கு – தெற்கு. தண்ணீர் போவது மேற்கு – கிழக்கு. அதாவது, ஆறுகள், வாய்க்கால்கள், வடிகால்கள் அத்தனையையும் அது குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய காலத்தில் கடலோரமாக வடக்கு தெற்காகப் போவது ஏன் கஷ்டம் என்றால் இதனால்தான். கொள்ளிடத்தில் தொடங்கி ஒவ்வொரு ஆறாகத் தாண்ட வேண்டும். பாலம் இல்லாத காலத்தில் மழை நாளில் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே வாழ்ந்தார்கள். சம்பந்தம் செய்ததும் பெரும்பாலும் அதே வரிசையில்தான். உங்கள் வீட்டில் பாட்டி பிறந்த ஊரைக் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீரோடு போகும் சாலைக்கு மேடு அதிகம் தேவையில்லை. தண்ணீருக்குக் குறுக்கே போகும் சாலை உயரமாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூழ்கும். உயரமாகப் போட்டால் அது கரை. வயலுக்குக் குறுக்கே போட்ட கரை. கரைக்கு மேற்கே நிற்கும் தண்ணீர் கிழக்கே போக மதகும் குழாய்ப் பாலமும் போதுமான அளவில், சரியான மட்டத்தில், சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஓரடி உயரம் தவறினால் கூட, மேற்குப் பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கும். சம்பா நாற்று தண்ணீருக்குள் சில நாள் தாங்கும். ஒரு வாரம் பத்து நாள் என்றால் அழுகிவிடும்.

2022 நவம்பர் நினைவிருக்கிறதா? நமக்கு வடக்கே சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. நம் வட்டாரமே ஏரியாக நின்றது. மழை அப்படிப் பெய்தால் எந்த ஊரும் மூழ்கும், அதற்குச் சாலையைக் குறை சொல்ல முடியாது. மழை விட்ட பிறகு தண்ணீர் எத்தனை நாளில் வடிந்தது என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது வடிகாலும் மதகும். எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மா நிலம் இதற்குச் சாட்சி. ரோட்டடியில் இருக்கும் சின்னக் குழாய் ஒன்று மண்ணும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடந்தது. பக்கத்து வயல்காரர் கடப்பாரையோடு இறங்கிக் குத்தி விட்ட பிறகுதான் தண்ணீர் நகர்ந்தது. அதற்குள் பயிர் போய்விட்டது.

பழைய சாலையைப் போட்டவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் கல் கிடையாது. ஒரு கூடை ஜல்லி வேண்டுமென்றாலும் மேற்கேயிருந்து, புதுக்கோட்டை திருச்சிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். பெரிய மேடு போட அவர்களிடம் பொருள் இல்லை, இயந்திரம் இல்லை. அதனால் தண்ணீரிடம் வழி கேட்டுக்கொண்டு போனார்கள். நம்மிடம் இயந்திரம் இருக்கிறது. கேட்காமலே போக முடிகிறது. முடிகிறது என்பதற்காகக் கேட்காமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

இன்னொரு கவலையும் அந்த மாணவரே சொன்னார். கூகுள் மேப் காட்டிய வழியில் புது ரோட்டில் வந்தவர், பேச்சு சுவாரஸ்யத்தில் திருக்கடையூரைத் தாண்டிப் போய்விட்டாராம். "பிறந்த ஊரையே தவற விட்டுட்டேன் டீச்சர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறைமுகத்துக்கு வந்த சரக்கை நாகப்பட்டினத்து ரயில் கொண்டு போனது. நம் ரயிலின் கூட்டத்தைப் பஸ் கொண்டு போனது. இப்போது பழைய சாலையின் வண்டிகளைப் புதுச் சாலை கொண்டு போகும். ஆனால் அபிராமியைப் பார்க்க வருபவர்கள் எப்படியும் திரும்பி உள்ளே வருவார்கள். ஆக்கூருக்கும் செம்பனார்கோயிலுக்கும் பரசலூருக்கும் அந்தக் கொடுப்பினை எந்த அளவுக்கு இருக்கும் என்பதுதான் என் கவலை.

ஆகவே, இதோ வீட்டுப்பாடம்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, முடிந்தால் மாயவரத்திலிருந்து பழைய சாலையில் வாருங்கள். அவசரமில்லாத நாளாக இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட அழைத்து வாருங்கள். ஒவ்வொரு மதகாக எண்ணச் சொல்லுங்கள். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் தண்ணீர் போகிறது என்று கேளுங்கள். ஆக்கூரில் இறங்கிக் கட்டுமலை ஏறுங்கள். பழைய ரயில் மேடு எங்கே தெரிகிறது என்று காட்டுங்கள். தில்லையாடியில் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் பெயரை ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள்.

ஊரிலேயே இருக்கும் மாணவர்களுக்குத் தனிப் பாடம். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் தெருவில், உங்கள் வயலோரத்தில் ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்களைக் குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் படம் எடுத்து ஊராட்சியில் கொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் நீங்களே குத்தி விடலாம். பழைய வடிகால் எங்கே ஓடியது என்று இப்போது சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்கள்தான். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்து வரைபடத்திலும் இல்லாத வாய்க்கால் அவர்கள் ஞாபகத்தில் இருக்கும்.

அந்த மாணவர் கிளம்பும்போது வாசல் வரை போய் வழியனுப்பினேன். "எந்த வழியா போறப்பா?" என்றேன். "பழைய ரோட்டுலயே போறேன் டீச்சர். செம்பனார்கோயில்ல நிறுத்தி அப்பாவுக்கு டீ வாங்கித் தரணும். அவரு ரயில்ல போன காலத்துல அங்கதான் குடிப்பாராம்" என்றார்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். வழியில் பதினேழு மதகு எண்ணினாராம். அப்பா, "நீ விட்டுட்டே, இன்னும் நிறைய இருக்கு" என்றாராம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்,
திருக்கடையூர்